ரேங்க்கை வைத்துக்கொண்டு சாட்சி சொல்ல முடியுமா?

படையில் சேரப்போகிற சபைத் தம்பிகள் என்னிடம் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான். "அண்ணா, அங்கே போய் இயேசுவைப் பற்றிப் பேசலாமா? பேசினால் வேலைக்கு ஏதாவது ஆகிவிடுமா?" பேசலாம். எந்தப் படையோ அதன் விதியை முதலில் ஒழுங்காகப் படித்துக்கொண்டு, அந்த எல்லைக்குள் பேசலாம். அதற்கு மேலே நான் ஒன்று சேர்ப்பேன்: யாரிடம் பேசப்போகிறாய், அவனுக்கும் உனக்கும் நடுவில் ரேங்க் எப்படி இருக்கிறது என்று பார்த்துக்கொள். இதைச் சொன்னதும் அவர்கள் முகம் கொஞ்சம் வாடிவிடும். உபத்திரவக் கதை கேட்க வந்தவர்களுக்கு நான் ஏதோ நிர்வாகப் பாடம் நடத்துகிற மாதிரி இருக்கும் போல.

ஆனால் பல வருடம் யூனிஃபார்மில் இருந்துவிட்டுச் சொல்கிறேன், படையில் சுவிசேஷம் சொல்வதில் இருக்கிற சிக்கல் முக்கால்வாசி அங்கேதான் இருக்கிறது. வெளியே ஒரு ஆபீசில் பக்கத்து சீட்டுக்காரர் மதத்தைப் பற்றிப் பேசிப் பேசி அறுத்தால் எழுந்து டீ குடிக்கப் போய்விடலாம், ரொம்பப் பிடிக்கவில்லை என்றால் வேறு வேலை தேடலாம். யூனிட்டில் அது நடக்காது. ஒரே பேரக், ஒரே மெஸ், ஒரே வண்டி, மாதக்கணக்கில் அதே முகங்கள், அப்புறம் உங்களுக்கு மேலே இருக்கிறவர்தான் உங்கள் லீவைப் பாஸ் பண்ணுகிறார், வருடாந்தர ரிப்போர்ட் எழுதுகிறார், ராத்திரி சென்ட்ரி யாருக்கு என்று முடிவு செய்கிறார். லீவு விண்ணப்பம் உங்கள் மேஜை மேலே கிடக்கிற ஒரு பையன் உங்கள் சாட்சியை எவ்வளவு கவனமாகக் கேட்பான் தெரியுமா? கண்ணில் தண்ணீர்கூட வரும். அந்தக் கண்ணீரை நம்பி சபையில் போய் அறிக்கை கொடுக்காதீர்கள்.

நான் இருந்த ஒரு இடத்தில் ஒரு சீனியர் இருந்தார். நல்ல மனிதர், உண்மையான விசுவாசி, கை சுத்தம். வாராவாரம் தன் குவார்ட்டர்ஸில் வேத ஆராய்ச்சி வைப்பார், தன் செக்‌ஷனில் இருக்கிற எல்லாரையும் அழைப்பார், "கட்டாயம் எதுவும் இல்லை, விருப்பம் இருந்தால் வாங்க" என்று சிரித்துக்கொண்டேதான் சொல்வார். வீடு நிரம்பி வழியும். அவருக்கு வேறு இடத்துக்கு போஸ்டிங் ஆனது. அடுத்த வாரம் அதே கூட்டம் அவரைவிட ரேங்க் குறைந்த ஒரு சகோதரர் வீட்டில் வைக்கப்பட்டது, வந்தது ஏற்கெனவே விசுவாசிகளாக இருந்த நாங்கள் சிலர் மட்டும். மற்றவர்கள் யாரும் பின்வாங்கிப் போகவில்லை, அவர்கள் முன்னால் வந்திருந்தால்தானே. சார் கூப்பிட்டார், வந்தார்கள், சார் போனார், நின்றுவிட்டார்கள். அவர்களில் ஒருவர் பிற்பாடு என்னிடம் சொன்னது: "வராமல் இருந்தால் என்ன ஆகும் என்று யாரும் சொல்லவில்லை, அதுதான் பயம்."

இதை யோசித்துக்கொண்டே வேதத்தைத் திரும்பப் படித்தபோது எனக்கு ஒன்று கண்ணில் பட்டது. ராணுவக்காரர்கள் வருகிற இடங்களில் எல்லாம் வார்த்தை கீழேயிருந்து மேலேதான் ஏறுகிறது. சீரியாவின் படைத்தலைவன் நாகமானிடம் எலிசாவைப் பற்றிய செய்தி எப்படிப் போய்ச் சேர்ந்தது? அவன் ஆட்கள் சிறைபிடித்துக்கொண்டு வந்த ஒரு சிறு பெண், அவன் மனைவிக்கு வேலைக்காரி, அவள் சொன்னது. பிறகு யோர்தானில் முழுகச் சொன்னதும் கோபித்துக்கொண்டு திரும்பிப் போகப் பார்த்தவனைச் சமாதானம் பண்ணினதும் அவனுடைய ஊழியக்காரர்கள்தான். பவுல் ரோமில் இரண்டு வருடம் வாடகை வீட்டில் காவலில் இருந்தார், கூடவே காவலுக்கு ஒரு போர்ச்சேவகன், அந்த அறையில் சங்கிலி பவுல் கையில்தான். அப்படி ஒரு காவலில் இருந்துகொண்டுதான் தன் கட்டுகள் கிறிஸ்துவுக்காக என்பது அரமனை எங்கும் தெரிந்துபோனது என்று பிலிப்பியருக்கு எழுதுகிறார். செசரியாவில் கொர்நேலியு நூற்றுக்கு அதிபதி, அவன் நினைத்திருந்தால் பேதுரு வந்த அன்று தன் ஆட்கள் மொத்தப் பேரையும் ஃபால்-இன் பண்ணி நிறுத்தியிருக்கலாம். அப்போஸ்தலர் 10ஆம் அதிகாரத்தைப் பாருங்கள், அவன் கூட்டி வைத்திருந்தது உறவின்முறையாரையும் நெருங்கிய சிநேகிதரையும். பேதுருவை அழைத்துவர அனுப்பிய போர்ச்சேவகனும் ஏற்கெனவே தேவபக்தி உள்ளவன் என்றுதான் எழுதியிருக்கிறது.

யோசுவா சொன்னாரே என்று ஒரு தம்பி மடக்கினான். நல்ல மடக்கு. படைத்தலைவர்தான், மொத்த ஜனத்தையும் கூட்டித்தான் பேசினார். ஆனால் அங்கேயும் யாரைச் சேவிப்பீர்கள் என்று நீங்களே இன்றைக்குத் தெரிந்துகொள்ளுங்கள் என்று விட்டுவிட்டு, நானும் என் வீட்டாரும் கர்த்தரையே சேவிப்போம் என்றார். யோர்தானைக் கடக்கவும் எரிகோவைச் சுற்றவும் உத்தரவு போட்ட ஆள், இதற்கு மட்டும் உத்தரவு போடவில்லை.

மதம் பரப்பத் தடை விதிக்கிற படை விதிகளைப் பார்த்து நம் ஆட்கள் சிலர் உடனே "பார்த்தீங்களா, கடைசிக் காலம்" என்று ஆரம்பித்துவிடுவார்கள். அந்த விதிகள் எப்படி வந்தன என்று பார்த்தால் கோபம் கொஞ்சம் தணியும். அமெரிக்க விமானப்படை அகாடமியில், கொலராடோ ஸ்பிரிங்ஸில், 2004இல் அமெரிக்கக் கால்பந்துப் பயிற்சியாளர் ஒருவர் லாக்கர் ரூமில் ஒரு பேனர் மாட்டினார், நாமெல்லாம் இயேசு கிறிஸ்துவின் அணி என்கிற அர்த்தத்தில். அணியில் யாரைச் சேர்ப்பது, யாரை ஆட வைப்பது என்று முடிவு பண்ணுகிறவர் அவர். அங்கே வேறு நம்பிக்கை உள்ள ஒரு கேடட் என்ன செய்வான்? இது மாதிரிப் பல புகார்கள் சேர்ந்து 2005இல் விசாரணை நடந்தது, வெளிப்படையான பாகுபாடு என்று சொல்ல முடியாது, ஆனால் மற்றவர்கள் மனநிலையைப் பற்றிய உணர்வு குறைவு என்று அறிக்கை வந்தது. 2012இல் அந்த விமானப்படை வெளியிட்ட நடத்தை விதிகளில் இது தெளிவாகவே எழுதப்பட்டது: தலைமைப் பொறுப்பில் இருப்பவர்கள் தங்கள் பதவியைப் பயன்படுத்திச் சொந்த மத நம்பிக்கையைக் கீழே உள்ளவர்களிடம் பரப்பக்கூடாது, பரப்புவது போலத் தோன்றவும் கூடாது. நான் அந்தப் படையில் இல்லை, ஆனாலும் அந்த வரியை ஒரு கிறிஸ்தவன் எழுதியிருந்தால்கூட இதைவிட நன்றாக எழுதியிருக்க முடியாது என்று நினைக்கிறேன்.

வேற்று நாட்டு மண்ணில் நிற்கும்போது விஷயம் இன்னும் கூர்மையாகிவிடும். மத்திய கிழக்கிலும் ஆப்கானிஸ்தானிலும் இருந்த அமெரிக்கப் படைகளுக்குப் போட்ட பொது உத்தரவில் எந்த மதத்தையும் பரப்பக்கூடாது என்று ஒரு வரி உண்டு. அதையும் மீறி ஒரு சபை ஆப்கான் மொழிகளான பஷ்தோவிலும் தாரியிலும் அச்சிட்ட வேதாகமங்களை பக்ராம் தளத்தில் இருந்த ஒரு வீரருக்கு அனுப்பி வைக்க, படை அவற்றைக் கைப்பற்றி எரித்துவிட்டது, 2009இல் செய்தி வெளியே வந்து பெரிய ரகளை. எரித்தது எனக்கு வலிக்கத்தான் செய்தது, அனுப்பினவர்களுக்கே திருப்பிக் கொடுத்திருக்கலாம். ஆனால் யோசித்துப் பாருங்கள், தோளில் துப்பாக்கி தொங்குகிற ஒருவன் அந்தத் துப்பாக்கிக்குப் பயந்து வாழ்கிற ஒரு ஊர்க்காரனிடம் வேதப்புத்தகம் நீட்டினால், வாங்கிக்கொள்கிறவன் எதை வாங்கிக்கொள்கிறான்? இதைவிட மோசம் 2010இல் வெளியானது. துப்பாக்கியில் பொருத்துகிற குறிநோக்கிக் கருவிகளில், மாடல் எண்ணுக்குப் பக்கத்திலேயே, யோவான் 8:12 போன்ற வசன எண்களைச் சுருக்கிப் பொறித்து ஒரு நிறுவனம் படைகளுக்கு விற்றுக்கொண்டிருந்தது. நானே உலகத்துக்கு ஒளி என்கிற வசனம் அது. குறி பார்க்கிற கண்ணாடியில். பிரச்சினை கிளம்பியதும் நிறுத்திக்கொண்டார்கள், அழிப்பதற்கான கருவியும் கொடுத்தார்கள். சாட்சி சொல்வதில் இவ்வளவு தப்பான இடத்தை யாராவது தேடிக் கண்டுபிடிக்க முடியுமா என்று எனக்கு இன்னும் ஆச்சரியம்.

சரி, அப்போது வாயை மூடிக்கொண்டு இருக்க வேண்டுமா என்றால், இல்லவே இல்லை. சம ரேங்க்கில் இருக்கிறவர்களிடம் பேசுவதற்குக் கிடைக்கிற வாய்ப்பு மாதிரி வெளியே எங்கேயும் கிடைக்காது. கார்டு டியூட்டியில் ராத்திரி இரண்டு மணிக்கு மனிதன் கேட்கிற கேள்வியைப் பகலில் கேட்க மாட்டான். கூட இருந்த ஒருவன் இறந்துபோன வாரத்தில் பேரக்கில் படுத்துக்கொண்டு "நீ கும்பிடுகிற சாமி அவனை ஏன்டா காப்பாற்றவில்லை" என்று கேட்பான். அந்த நேரத்தில் பதில் தயாராக வைத்திருப்பவனைவிட, எனக்கும் தெரியவில்லைடா என்று சொல்லிவிட்டு விடிகிறவரை கூட உட்கார்ந்திருக்கிறவன் சொல்வதைத்தான் பிறகு காதுகொடுத்துக் கேட்பார்கள். நம்பிக்கையைக் குறித்து விசாரித்துக் கேட்கிறவர்களுக்குச் சாந்தத்தோடு பதில் சொல்ல ஆயத்தமாயிருங்கள் என்று பேதுரு எழுதுகிறார், கேட்கிறவர்களுக்கு. யூனிட்டில் கேட்பார்கள், கவலையே படாதீர்கள். நீங்கள் குடிக்காதது, மெஸ்ஸில் சாப்பிடுவதற்கு முன்னால் ஒரு நொடி தலை குனிவது, லைட் அணைத்த பிறகும் கொஞ்ச நேரம் முழங்காலில் இருப்பது, இதெல்லாம் ஒரே அறையில் நாற்பது பேர் இருக்கிற இடத்தில் ஒரே வாரத்தில் எல்லாருக்கும் தெரிந்துவிடும். "பாஸ்டர்" என்று பேர் வைப்பார்கள், இல்லாவிட்டால் "அல்லேலூயா". கோபப்படாதீர்கள், அந்தப் பேர் நல்லது, பிரச்சினை வந்தவன் ராத்திரியில் யாரைத் தேடி வருவது என்று அவனுக்கு அது அடையாளம்.

மேலே இருக்கிறவரிடமும் பேசலாம், நாகமான் வீட்டில் அந்தச் சிறு பெண் பேசின மாதிரி. அங்கே உங்களிடம் அதிகாரம் எதுவும் இல்லை, அவர் "போதும்" என்று சொல்ல ஒரு நொடி ஆகாது. எனக்கு ஒரு கமாண்டிங் ஆபீசர் இருந்தார், நாத்திகர், என்னிடம் சண்டை போடுவதற்கென்றே மாலையில் கூப்பிடுவார். அந்தச் சண்டைகள் எனக்கு ரொம்பப் பிடித்தவை.

கீழே இருக்கிறவர்களிடம்தான் கஷ்டம். நான் வைத்துக்கொண்ட வழக்கம் இது: நானாக ஆரம்பிப்பதில்லை. அவர்களாகக் கேட்டால், டியூட்டி முடிந்த பிறகு, ஆபீஸ் அறைக்கு வெளியே, கேட்ட கேள்விக்கு மட்டும் பதில், அதுவும் சுருக்கமாக. இன்னும் தெரிந்துகொள்ள ஆசைப்பட்டால் படையின் மதகுருவான சாப்ளினிடமோ, அவர்களுடைய ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போடாத வேறொரு சகோதரரிடமோ அனுப்பிவிடுவேன். "உனக்காக ஜெபிக்கட்டுமா" என்றுகூடக் கேட்கமாட்டேன், ஏனென்றால் சார் கேட்டால் யார் வேண்டாம் என்பார்கள். ஜெபிக்க அவர்கள் அனுமதி எதற்கு, பெயர்ப் பட்டியல் என்னிடம் இருக்கிறது, காலையில் அதை வைத்துக்கொண்டு ஒவ்வொரு பெயராக ஜெபிப்பேன். இதைக் கேட்டு ஒரு போதகர், இது வெட்கப்படுவது ஆகாதா பிரதர் என்றார். அவர் படையில் இருந்தவர் இல்லை.

அப்புறம் வேலை. போர்ச்சேவகர் யோவான் ஸ்நானகனிடம் வந்து நாங்கள் என்ன செய்ய வேண்டும் என்று கேட்டபோது அவர் படையை விட்டு விலகச் சொல்லவில்லை, போய்ப் பிரசங்கம் பண்ணவும் சொல்லவில்லை. யாருக்கும் இடுக்கண் செய்யாதே, பொய்க் குற்றம் சாட்டாதே, சம்பளம் போதுமென்று இரு, மூன்றே விஷயம், லூக்கா 3இல் இருக்கிறது. இந்த மூன்றையும் ஸ்டோரிலும் வொர்க்‌ஷாப்பிலும் வேலை பார்க்கிறவர்கள் நன்றாகப் புரிந்துகொள்வார்கள். செக் பண்ணாமலே செக் பண்ணியதாக லாக் புக்கில் கையெழுத்துப் போடுகிற ஒருவரின் மேஜையில் வசன ஸ்டிக்கர் ஒட்டியிருந்தால், அதைப் பார்க்கிற டெக்னீஷியனுக்கு அந்த வசனம் சாகும்வரை அந்தக் கையெழுத்தோடு சேர்ந்துதான் ஞாபகம் வரும்.

யூனிட்டின் வாட்ஸ்அப் குரூப்பில் காலை வசனம் போடுகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: நிறுத்துங்கள். அது டியூட்டி மாற்றம் சொல்ல வைத்த குரூப், யாரும் வெளியேற முடியாத குரூப். அதே மாதிரி அடுத்தவர் வழிபாட்டைக் கிண்டல் செய்து ஒரு வார்த்தைகூட வேண்டாம், நாளைக்கு உங்களை இழுத்துக்கொண்டு ஓடப்போகிறவன் அவனாக இருக்கலாம். அவர்கள் பண்டிகை வரும்போது நீங்களாகப் போய் டியூட்டியை மாற்றி எடுத்துக்கொள்ளுங்கள். எனக்குத் தெரிந்து வேறு எந்தப் பேச்சும் இந்த அளவுக்கு வேலை செய்ததில்லை, கிறிஸ்துமஸ் அன்று நான் ஆராதனைக்குப் போக என் சென்ட்ரியை யார் எடுப்பது என்று அவர்களுக்குள்ளேயே போட்டி நடந்தது உண்டு.

சாப்ளின்கள் பற்றி நம் சபைகளில் அவ்வளவாகத் தெரிவதில்லை. முதல் உலகப்போரில் பிரிட்டிஷ் படையில் தியோடர் பேய்லி ஹார்டி என்று ஒருவர் இருந்தார், பள்ளி ஆசிரியராக இருந்த போதகர், வயது அதிகம் என்று திரும்பத் திரும்ப மறுத்து, 1916இல்தான் எடுத்துக்கொண்டார்கள், அப்போது ஐம்பதைத் தாண்டியிருந்தார். ராத்திரியில் அகழிகளுக்குள்ளே தவழ்ந்து போவார், இருட்டில் யாரோ வருகிறார்கள் என்று வீரர்கள் திடுக்கிடும்போது "நான்தான்" என்பாராம், அதுவே அவருக்கு அடையாளமாகிவிட்டது. காயம்பட்டவர்கள் பக்கத்தில் ஆள் வரும்வரை கிடப்பார். பிரிட்டனின் உச்ச வீர விருதான விக்டோரியா கிராஸ் வரைக்கும் கொடுத்தார்கள், மன்னரே தன் சாப்ளினாக நியமித்தார், அப்படியும் முன்னணியை விட்டு வர மறுத்தார், 1918 அக்டோபரில், போர் முடியச் சில வாரம் இருக்கும்போது, காயத்தால் இறந்துபோனார். இன்னொன்று 1943 பிப்ரவரி 3, கிரீன்லாந்துக்குப் பக்கத்தில் டார்செஸ்டர் என்கிற துருப்புக் கப்பல் நீர்மூழ்கியின் தாக்குதலில் மூழ்கியது. தொள்ளாயிரம் பேருக்கு மேல் இருந்ததில் பிழைத்தது சுமார் 230 பேர். அந்தக் கப்பலில் இருந்த நான்கு சாப்ளின்கள், இரண்டு பேர் புராட்டஸ்டண்ட், ஒருவர் கத்தோலிக்கக் குரு, ஒருவர் யூத ரபி, தங்கள் உயிர்காப்பு அங்கிகளைக் கழற்றிப் பக்கத்தில் இருந்தவர்களுக்குக் கொடுத்துவிட்டுக் கப்பலோடு போனார்கள். வாங்கினவன் எந்தச் சபை என்று அவர்கள் கேட்டதாக யாரும் சொல்லவில்லை.

இதில் ஒரு விஷயத்தில் மட்டும் நான் கடுமையாகத்தான் பேசுவேன். சாகப்போகிறேன், வாழப் பிடிக்கவில்லை என்று ஒருவன் உங்களிடம் சொன்னால், அது ரகசியமாக ஜெபித்துவிட்டு விட்டுவிடுகிற விஷயம் இல்லை. ஆயுதம் கைக்கு எட்டுகிற இடத்தில் இருக்கிறான் அவன். அவனைத் தனியாக விடாமல், அந்த ராத்திரியே டாக்டரிடம் கூட்டிப் போங்கள், சாப்ளினை எழுப்புங்கள், ஆயுதம் அவன் கையில் இல்லாதபடி பொறுப்பில் இருக்கிறவரிடம் சொல்லுங்கள். ஜெபமும் பண்ணுங்கள், டாக்டர் அறைக்கு வெளியே உட்கார்ந்து பண்ணுங்கள். "விசுவாசம் இருந்தால் இது வராது" என்று மட்டும் தயவுசெய்து யாரும் சொல்லாதீர்கள், அப்படிச் சொல்லக் கேட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

என் கீழே வேலை பார்த்த ஒருவர், நான் யூனிஃபார்மைக் கழற்றி ரொம்ப நாள் கழித்து போன் பண்ணினார். "சார், இப்போ நீங்க எனக்கு சார் இல்லையே, கேட்கலாமா" என்று ஆரம்பித்தார், காலையில் பட்டியலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதைப் பார்த்திருக்கிறாராம், அது என்ன பட்டியல் என்று அப்போதே கேட்க நினைத்தாராம். சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "என் பேரும் அதில் இருந்ததா" என்றார். இப்போது அடிக்கடி பேசுகிறோம். அவர் விசுவாசத்துக்கு வந்துவிட்டார் என்று எழுத ஆசைதான், வரவில்லை, நிறைய வாக்குவாதம் செய்கிறார், பாதி கேள்விக்கு எனக்குப் பதில் தெரிவதில்லை. வேதத்தை எங்கிருந்து ஆரம்பிக்கலாம் என்று கேட்டதற்கு மாற்கு என்றேன், சின்ன புத்தகம், வேகமாகப் போகும். அவர் யோபு படித்துக்கொண்டிருக்கிறார். நான் உத்தரவு போட்டாலும் இனிமேல் கேட்கப்போவதில்லை.